பாம்புகளுக்குப் பெயர் இருந்த காலம்

 

நோர்வூட் உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடித்து ஆறுதலாக வாசியுங்கள். பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றிய வரலாறு என்பதால் பெற்றோர் அவசியம் வாசிக்க வேண்டும்.

என் வயதுக்காரர்களுக்கு ‘டீவி கேம்’ ஞாபகம் இருக்கும். கசட்டைச் செருகினால் மேரியோ ஓடுவான், பாய்வான், குழியில் விழுவான். ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 1985 இல் வெளியிட்ட ‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ்’ அது. தொடக்கத்தில் மூன்று உயிர். இடையில் சேர்த்த உயிர்களும் சேர்ந்து தீர்ந்துவிட்டால், இரகசியப் பொத்தான் தெரியாதவர்கள் முதலாம் உலகத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். 1993 இல் அதே விளையாட்டை ‘சூப்பர் மேரியோ ஆல்-ஸ்டார்ஸ்’ என்ற தொகுப்பில் புதுப்பித்து வெளியிட்டார்கள். படம் அழகானது. அதைவிடப் பெரிய மாற்றம், போய்ச் சேர்ந்த உலகத்தைச் சேமித்து வைக்கும் வசதி. குழி அதே குழிதான். விழுந்தால் கொடுக்க வேண்டிய விலைதான் குறைந்தது.

பழைய விளையாட்டை மறுபடி செய்கிறவர் எந்த விதியை மாற்றுகிறார் என்று கவனியுங்கள். மனிதன் விழுவதையும் எழும்புவதையும் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பது அதில் தெரிந்துவிடும். இதற்கு மேரியோவை விடப் பழைய உதாரணம் நம்முடைய வீடுகளிலேயே இருக்கிறது. அதுதான் பாம்பும் ஏணியும்.

இதன் பழைய தமிழ்ப் பெயர் பரமபதம், அல்லது பரமபத சோபானம். சோபானம் என்றால் படிக்கட்டு. தமிழ்நாட்டில் வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்திருப்பவர்கள் விளையாடுவது வழக்கம். ஆந்திராவில் வைகுண்டபாளி என்பார்கள். வட இந்தியாவில் ஞான சௌபர். வைணவர்களின் பலகையில் 72 கட்டம், சமணர்களின் பலகையில் 84 கட்டம் என்று சமயத்துக்கு ஏற்ப எண்ணிக்கை மாறும். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு பொது விதி உண்டு. கட்டங்களில் வெறும் இலக்கம் மட்டும் இருக்காது, பெயர் எழுதியிருக்கும். நற்குணத்தின் கட்டத்தில் ஏணி தொடங்கும். தீக்குணத்தின் கட்டத்தில் பாம்பின் வாய் இருக்கும். சேர வேண்டிய இடம் முக்தி.

முஸ்லிம்களிடமும் இந்தப் பலகை இருந்தது என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். ‘ஷத்ரஞ்ஜ் அல்-ஆரிபீன்’, அதாவது ஞானிகளின் சதுரங்கம் என்று அதற்குப் பெயர். மரபாக இதை இப்னு அரபி அவர்களின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். சூபிகளின் பலகையில் 100 கட்டங்களைத் தாண்டி, மேலே இறைவனின் அர்ஷ் இருக்கும். தாயம் உருட்டுவது பற்றிய மார்க்கச் சட்டம் வேறு விடயம், அதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது பலகையின் வரலாற்றை மட்டும். இந்து, சமணர், முஸ்லிம் மூவரும் ஒரே விளையாட்டை எடுத்து, தத்தம் நம்பிக்கையை அதில் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது எண்ணிக்கையைப் பாருங்கள். நூல்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் பழைய 100 கட்டப் பலகை ஒன்றில் ஏணிகள் 5, பாம்புகள் 12. நம்பிக்கை, தாராள மனம், அறிவு போன்றவை ஏணிகள். பொய், களவு, கோபம், கர்வம், கடன் போன்றவை பாம்புகள். மேலே போவது கடினம், கீழே வருவது சுலபம் என்பதை அந்தப் பலகை ஒளிக்கவில்லை.

1890களில் இந்த விளையாட்டு இங்கிலாந்தில் அச்சாகி விற்பனைக்கு வந்தது. அங்கே நடந்த முதல் மாற்றம், பாம்புகளையும் ஏணிகளையும் சம எண்ணிக்கை ஆக்கியது. இரண்டாவது, குணங்களை மாற்றியது. சிக்கனம் என்ற ஏணியில் ஏறினால் நிறைவு, உழைப்பு என்ற ஏணியில் ஏறினால் வெற்றி. சோம்பல் என்ற பாம்பு கடித்தால் வறுமை. முக்தி இருந்த இடத்துக்கு உலக வெற்றி வந்துவிட்டது. தொழிற்சாலைகளின் நாடு தனக்குத் தேவையான ஒழுக்கத்தைப் பலகையில் எழுதிக்கொண்டது. மூன்றாவது மாற்றம் மெதுவாக நடந்தது. காலப்போக்கில் பெயர்களே மறைந்து 1 முதல் 100 வரை இலக்கம் மட்டும் மிஞ்சியது. 1943 இல் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்பை எடுத்துவிட்டுச் சறுக்குப் பாதையை வைத்தது. அந்த வகைப் பலகைகளில் குழப்படி செய்யும் பிள்ளை சறுக்கி விழும் படங்கள் இருப்பதால், காரணம் ஓரளவு திரும்பி வந்தது என்று சொல்லலாம்.

இன்று நம் பிள்ளைகளின் போனில் இருப்பது பெரும்பாலும் இலக்கப் பலகைதான். 98 இல் பாம்பு கொத்துகிறது, பிள்ளை கீழே வருகிறது. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. ‘லக் இல்ல சேர்’ என்பார்கள்.

அப்படியானால் பழைய பலகைதான் சரி, புதியது பிழை என்று முடித்துவிடலாமா? ஒரு வரலாற்று ஆசிரியராக என்னால் அப்படி முடிக்க முடியவில்லை. பழைய பலகையிலும் ஒரு குறை உண்டு. விழுந்தவன் எப்போதும் தன் குற்றத்தால்தான் விழுந்தான் என்று அது சொல்கிறது.

அந்தக் ‘கடன்’ என்ற பாம்பையே எடுப்போம். நம் மலையகத்துக்கு வந்த தொழிலாளி, கங்காணி கொடுத்த முற்பணத்தோடு கடல் தாண்டினான். வழிச்செலவே அவன் கணக்கில் கடனாக ஏறியது. தோட்டத்தில் கால் வைக்கும்போதே கடன்காரன். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். கடனைக் கட்டினால் இவனை விடுவிக்கிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் கடதாசி அது. துண்டு முறை ஒழிக்கப்பட்டது 1921 இல். அந்தப் பாம்பு அவனுடைய தீக்குணமா? இல்லை, யாரோ வரைந்து வைத்தது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இன்னொன்று. மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது, 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டது. மிஞ்சியவர்களுக்கான ஏணி 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் வந்தது. ஒரு பாம்புக்கும் ஒரு ஏணிக்கும் இடையில் 55 வருடம்.

ஆகவே சாதாரண தரப் பெறுபேறு வந்து ஒரு பிள்ளை விழுந்து நிற்கும்போது, இரண்டு அவசரப் பதில்கள் நம் வாயில் வருகின்றன. ஒன்று, ‘விதி’. அது இலக்கப் பலகையின் பதில். மற்றது, ‘சோம்பேறி’. அது பெயர் எழுதிய பலகையின் பதில். சில நேரம் இரண்டாவது உண்மையாகவும் இருக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தப் பாம்பை இந்தக் கட்டத்தில் வைத்தது யார்? கணித ஆசிரியர் இல்லாமல் ஒரு வருடம் போனதா? பின்னேர வகுப்பு முடிந்து தோட்டத்துக்குத் திரும்ப பஸ் இல்லையா? வீட்டில் படிக்க இடம் இல்லையா? பெயர் தெரிந்த பாம்பைத்தான் அடிக்கலாம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பிரிஸ்டல் போர்ட் வாங்கி, பிள்ளையோடு இருந்து சொந்தமாக ஒரு பலகை வரையுங்கள். உங்கள் குடும்பம் ஏறிய ஏணிகளுக்கும் விழுந்த பாம்புகளுக்கும் பெயர் எழுதுங்கள். தாத்தா பாட்டியிடம், உம்மம்மா வாப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். பிள்ளைக்கு அது ஒரு வரலாற்றுப் பாடமாகவும் இருக்கும்.

யாருடைய வீட்டிலாவது பழைய பரமபதத் தாள் இருந்தால் ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள். எத்தனை பாம்பு, எத்தனை ஏணி என்று சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.