எல்லை தெரியாத நிலத்தடி நீர்: நாடுகள் தகவலைப் பகிர்வது ஏன்?

மழை பொய்த்தால் அணைக்கட்டில் நீர்மட்டம் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். எத்தனை விழுக்காடு என்று செய்தியும் வந்துவிடும். மண்ணுக்கடியில் உள்ள நீர் அப்படியல்ல. கிணறு வற்றும்போதோ தண்ணீர் உப்புக் கரிக்கும்போதோதான் பலருக்கும் விவரம் தெரிகிறது. அதற்குள் பாதிப்பு முற்றிவிடுகிறது.

உலக மக்கள் வீட்டுத் தேவைக்காக எடுக்கும் நீரில் ஏறக்குறைய பாதி நிலத்தடி நீர் என்கிறது ஐநாவின் 2022ஆம் ஆண்டு உலக நீர் மேம்பாட்டு அறிக்கை. மலேசியாவில் குழாய் நீருக்கு நிலத்தடி நீரைப் பெரிதும் நம்பியிருக்கும் மாநிலம் கிளந்தான்.

நீர்ப்படுகை என்பது என்ன?

நீரைத் தேக்கி வைத்திருக்கும் மணல், சரளை, பாறை அடுக்குகளே நீர்ப்படுகை எனப்படுகின்றன. மேலே வரையப்பட்ட நாட்டு எல்லை அவற்றுக்குத் தெரியாது. ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளின் அடியில் பரவியுள்ள 468 நீர்ப்படுகைகளை 2021இல் வெளிவந்த உலக வரைபடம் காட்டுகிறது. ஒரு நாடு அளவுக்கு மீறி இறைத்தால், அண்டை நாட்டுக் கிணறும் வற்றக்கூடும்.

சஹாரா தந்த பாடம்

அல்ஜீரியா, துனிசியா, லிபியா ஆகிய மூன்று நாடுகளின் பாலைவனத்துக்கு அடியில், 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பில் ஒரு நீர்ப்படுகை உள்ளது. பேரீச்சைத் தோப்புகளும் பாலைவன ஊர்களும் அதை நம்பியே வாழ்கின்றன. மூன்று நாடுகளும் நெடுங்காலம் தத்தம் கிணறுகளை மட்டுமே கணக்கெடுத்து வந்தன.

துனிஸ் நகரில் இயங்கும் சஹாரா, சாஹெல் கண்காணிப்பு மையத்தின் வழி, ஆயிரக்கணக்கான கிணறுகளின் விவரங்கள் ஒரே தரவுத்தளத்தில் சேர்க்கப்பட்டன. அப்போதுதான் முழு உண்மையும் தெரிந்தது. 1970இல் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லியன் கன மீட்டராக இருந்த இறைப்பு, 2000இல் சுமார் 2.5 பில்லியனுக்கு உயர்ந்திருந்தது. மழையால் ஆண்டுதோறும் ஊறுவதோ சுமார் 1 பில்லியன் கன மீட்டர்தான். இப்படியே போனால் நீர்மட்டம் மேலும் இறங்கும், தானே பீறிட்டு வந்த ஊற்றுகள் நின்றுபோகும், உப்பு ஏறும் என்று கணிக்கப்பட்டது.

தகவலைத் தொடர்ந்து பகிர்ந்து கலந்து பேசும் ஏற்பாட்டுக்கு மூன்று நாடுகளும் 2002இல் இணங்கின. யாருக்கு எவ்வளவு நீர் என்று பங்கு பிரிக்கும் உடன்படிக்கை அன்று அது. முதலில் கணக்கு ஒன்றாக இருக்கட்டும் என்பதே அதன் அடிப்படை.

தகவலைத் திரட்டும் அமைப்புகள்

உலக அளவில் இப்பணியைச் செய்வது, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் உள்ள அனைத்துலக நிலத்தடி நீர்வள மதிப்பீட்டு மையம், சுருக்கமாக இக்ராக். யுனெஸ்கோ, உலக வானிலை அமைப்பு ஆகியவற்றின் ஆதரவில் இயங்கும் இம்மையம், நாடுகள் விரும்பித் தரும் நீர்மட்ட அளவுகளைத் திரட்டி வெளியிடுகிறது.

நம் வட்டாரத்தில் 1966இல் தொடங்கப்பட்ட சிசிஓபி எனும் புவியறிவியல் ஒருங்கிணைப்புக் குழு பேங்காக்கில் இயங்குகிறது. மலேசியாவும் அதில் உறுப்பு நாடு. நிலத்தடி நீர் பற்றிய தரவுகளையும் அனுபவங்களையும் உறுப்பு நாடுகள் அதன்வழி பகிர்கின்றன. பகிர வேண்டிய அனுபவத்துக்கு பேங்காக்கே சான்று: மிகுதியாக இறைத்ததால் அந்நகரின் நிலம் தாழ்ந்தது. இறைப்புக்குக் கட்டுப்பாடும் கட்டணமும் வந்த பின் தாழும் வேகம் குறைந்தது.

பொது நீர்ப்படுகை உள்ள நாடுகள் தகவலைத் தவறாமல் பரிமாற வேண்டும் என்று, 2008இல் ஐநா பொதுப்பேரவை கவனத்தில் எடுத்துக்கொண்ட வரைவு விதிகள் கூறுகின்றன. ஆனால் அவை எந்த நாட்டையும் கட்டுப்படுத்தும் சட்டமாகவில்லை.

கிணற்றிலிருந்தே தொடக்கம்

கிணற்றின் ஆழம், நீர்மட்டம், உப்பின் அளவு, இறைக்கும் அளவு ஆகிய நான்குமே முக்கியமாகப் பகிர வேண்டியவை. எல்லா நாடுகளும் இவற்றை ஒரே முறையில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். அளவே எடுக்காத கிணற்றைப் பற்றி அண்டை நாட்டுக்குச் சொல்ல ஒன்றுமிருக்காது. அதே கிணற்று நீரைக் குடிக்கும் சொந்த மக்களுக்கும் முன்கூட்டியே எச்சரிக்கை கிடைக்காது.