பனியும் சுருட்டும்: உறையூர் முதல் ஆர்.கே.புரம் வரை

தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்ற சொற்களைத் தொகுப்போர் கட்டுமரம், மிளகுத்தண்ணீர், கறி ஆகியவற்றோடு சுருட்டையும் தவறாது சேர்ப்பர். பெருமிதத்தோடு செய்யப்படும் அத்தொகுப்பு பெரும்பாலும் அவ்வளவில் நின்றுவிடும். அப்பொருள் எவர் கையில், எவ்விடத்தில், எப்பொழுதில் புகைந்தது என்பது சொற்பிறப்பினும் சுவையான வினா. கடுங்குளிரில் கூரையற்ற வெளியில் அமர்ந்து சுருட்டுப் புகைப்பது இன்று மேலைநாட்டுச் செல்வர்தம் பொழுதுபோக்காகவே எண்ணப்படுகிறது. தமிழ் வழக்காற்றை நோக்கினால், குளிரும் வெளியும் சுருட்டும் ஒன்றுகூடும் காட்சி மேட்டுக்குடியினர்க்கு உரியதன்று. காவல் புரிவோர்க்கும் உழைப்போர்க்கும் உரியது. தில்லியின் ஆர்.கே.புரம் என்னும் அரசு ஊழியர் குடியிருப்பு அவ்வழக்காறு சென்று தேய்ந்த எல்லைகளுள் ஒன்று.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர் வருகைக்கு முன்னர்த் தமிழகம் அதனை அறியாது. எனினும் குளிருக்குப் புகையையும் கனலையும் துணைக்கொள்ளும் வழக்கம் மிகத் தொன்மையானது. நக்கீரரின் நெடுநல்வாடை இவ்வகையில் உற்றுநோக்கத்தக்கது. அதில் வீட்டினுள் இருப்போர்க்கு அகிற்புகை உண்டு. அகன்ற வாயுடைய தடவில் செந்நெருப்பும் உண்டு. வெளியில் நிற்கும் கோவலர்க்கோ கையிற்பற்றிய கொள்ளி மட்டுமே. பலர் கூடி நின்று அக்கொள்ளியைத் தாங்கியும் அவர்தம் கன்னங்கள் குளிரால் நடுங்குகின்றன. மணமுள்ள புகை அகத்தோர்க்கு, கையடக்கமான நெருப்பு புறத்தோர்க்கு என்னும் இப்பகுப்பு, பிற்காலத்தில் புகையிலை வந்தபோது அதற்குரிய இடத்தை முன்கூட்டியே வகுத்து வைத்திருந்தது எனலாம். கோவலன் கையிலிருந்த கொள்ளியின் இடத்தைச் சுருட்டு எளிதில் பற்றிக்கொண்டது.

சொல்லின் பயணம்

1669 முதல் 1679 வரை இப்பகுதிக் கடல்களில் வணிகம் செய்த தாமஸ் பௌரி என்னும் ஆங்கிலேயர், சோழமண்டலக் கரையின் ஏழை மக்கள் இலையைச் சுருட்டி ஒரு முனையைக் கொளுத்தி மறுமுனையை உதட்டிடையே வைத்துப் புகைத்ததை எழுதியுள்ளார். அதனைப் போர்த்துகீசியர் 'செரூட்டா' என்றழைத்ததையும் குறிக்கிறார். 1886-இல் யூல், பர்னெல் இருவரும் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இச்சொல்லுக்குத் தமிழ்ச் 'சுருட்டு' என்பதையே மூலமாகக் காட்டுகிறது. இங்குச் சொல்லாராய்ச்சியினும் முதன்மையானது பௌரி தரும் சமூகச் செய்தி. அவர் கண்ட சுருட்டு எளியோரின் புகை. உக்காவைப் போலக் கலமோ நீரோ குழலோ ஏவலாளோ அதற்கு வேண்டியதில்லை. மடியில் செருகிக்கொண்டு எங்கும் செல்லலாம்.

வடபுலத்தில் நிகழ்ந்தது வேறு. பீஜப்பூரில் புகையிலையைக் கண்ட அசத் பேக் என்னும் அலுவலர், ஏறத்தாழ 1605-இல் அதனை அணிமிக்க புகைக்குழலோடு அக்பரின் முன் கொணர்ந்து வைத்தார். மருத்துவர் தடுக்க, அரசர் சில இழுப்புகளோடு நிறுத்திக்கொண்டார் என்று அவரே எழுதியுள்ளார். 1617-இல் சகாங்கீர் புகைத்தலைத் தடைசெய்தார், தடை நிலைக்கவில்லை. அவைக்களத்தின் வழியே வந்த புகை, கூடி அமர்ந்து சுவைக்கும் உக்காவாகவே வடக்கில் பரவியது. தெற்கில் அது நடக்கும் புகை. வடக்கில் அமரும் புகை. இவ்வேறுபாடு பின்னர் ஆர்.கே.புரத்தில் நேருக்குநேர் நின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உறையூரிலும் அதன் சூழலிலும் சுற்றப்பட்ட திருச்சிராப்பள்ளிச் சுருட்டு கடல் கடந்து புகழ்பெற்றது. 1887-இல் வெளிவந்த கானன் டாயிலின் முதல் ஷெர்லக் ஹோம்ஸ் புதினத்தில், சிந்திய சாம்பலின் கருமையையும் செதில் தன்மையையும் கொண்டு கொலையாளி புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டே என்று துப்பறிவாளர் முடிவுகட்டுகிறார். இலண்டன் வாசகர்க்கு விளக்கம் வேண்டாத அளவிற்கு அப்பெயர் பழகியிருந்தது. திண்டுக்கல் வட்டாரத்தில் விளைந்த உசிக்கப்பல், வட்டக்கப்பல் ஆகிய வகைகள் இத்தொழிலின் அடிப்படை. ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் சுருட்டாலை நடத்தியது. 1948-இல் வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கெனவே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. ஏழையின் மடியிலிருந்த பொருள் இவ்வாறு துரைமார் மேசைக்கு உயர்ந்தது. அவ்வுயர்வில் உள்ளூர்ச் சுருட்டு வேறு, ஏற்றுமதிச் சுருட்டு வேறு எனப் பிரிந்தும் போயிற்று.

காவலும் கனலும்

உள்ளூர்ச் சுருட்டின் இயல்பான களம் இரவும் பனியும். மார்கழி, தை மாதங்களில் கதிர்க்காவலுக்குச் செல்வோரும் விடியலுக்கு முன் கடலிறங்கும் மீனவரும் அதனை நாடினர். ஆந்திரக் கடற்கரைப் பகுதிகளில் பெண்கள் கொளுத்திய முனையை வாயினுள் வைத்துப் புகைக்கும் பழக்கம் உண்டு. காற்றும் நீரும் கனலை அணைத்துவிடாமல் காப்பதற்கு எழுந்த உத்தி என்று இதற்குக் காரணம் கூறுவர். திறந்த வெளியில் புகைப்போரின் இடர் இவ்வழக்கத்தில் வெளிப்படையாகத் தெரிகிறது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது: மேலண்ணத்தில் தோன்றும் புற்றுநோய்க்கும் இப்பழக்கத்திற்கும் உள்ள தொடர்பை மருத்துவ ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன.

தெய்வ வழிபாட்டிலும் இப்பகுப்பு துலக்கமாகத் தெரிகிறது. சுடலைமாடன், முனீசுவரன், கருப்பசாமி முதலிய காவல் தெய்வங்களுக்குச் சுருட்டுப் படைப்பது நாட்டார் வழக்கு. இத்தெய்வங்கள் பெரும்பாலும் ஊரெல்லையில், கூரையின்றி நிற்பவை. இரவில் வேட்டையும் காவலும் மேற்கொள்வதாக நம்பப்படுபவை. பனியில் விழித்திருக்கும் மனிதக் காவலர்க்கு எது வேண்டுமோ அதுவே தெய்வக் காவலர்க்கும் படையலாயிற்று. கருவறைத் தெய்வத்திற்குத் தூபம், எல்லைத் தெய்வத்திற்குச் சுருட்டு என்பது நெடுநல்வாடை காட்டிய அகிலும் கொள்ளியும் வேறு வடிவில் தொடர்வதே.

இவ்வெல்லையைப் புலமை மரபு ஒருமுறை விளையாட்டாகக் கடந்தது. சீனிச்சர்க்கரைப் புலவரின் புகையிலை விடு தூது, பழனி முருகனிடம் புகையிலையையே தூதாக அனுப்புகிறது. பழனியும் புகையிலை விளையும் வட்டாரமே என்பதை நினைத்தால், புலவர் கற்பனைக்கு மண்ணின் சார்பு இருந்தமை விளங்கும். பிற தூது நூல்களைத் தேடிப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் இதனையும் விலக்காது பதிப்பித்தார்.

ஆர்.கே.புரம்

1911-இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்ட பின்னர் அலுவலகப் பணிக்காகத் தமிழர் தில்லிக்குக் குடிபெயர்ந்தனர். 1923-இல் தமிழர் கல்விக்கான அமைப்பும் 1946-இல் தில்லித் தமிழ்ச் சங்கமும் தோன்றின. இராமகிருஷ்ண பரமஹம்சர் பெயரால் ஆர்.கே.புரம் விடுதலைக்குப் பின்னர் அரசு ஊழியர்க்கென எழுந்தது. தமிழ்ச் சங்கக் கட்டடம் இங்குள்ளது. மலை மந்திர் எனப்படும் உத்தர சுவாமிமலையும் இங்குள்ளது. அதன் குடமுழுக்கு 1973-இல் நடைபெற்றது. முருகன் தமிழரோடு வடக்கே வந்து குன்றேறினான். ஆகம நெறியில் அமைந்த அக்கோயிலில் தூபத்திற்கு இடமுண்டு, சுருட்டுக்கு இல்லை. தலைநகருக்கு எழுத்தர்களாக வந்தோர் கருவறைத் தெய்வத்தை உடன்கொணர்ந்தனர்; எல்லைத் தெய்வம் பெரும்பாலும் ஊரிலேயே தங்கிவிட்டது. புலம்பெயர்வு பற்றிய ஆய்வுகள் கொணரப்பட்டவற்றையே எண்ணுகின்றன. விடப்பட்டவற்றையும் எண்ணுதல் வேண்டும்.

இங்கு எதிர்கொண்ட குளிர் மார்கழிப் பனி போன்றதன்று. அருகிலுள்ள சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1935 சனவரி 16-ஆம் நாள் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 0.6 பாகையாகப் பதிவானது; 2021 சனவரி முதல் நாளன்று அது 1.1 பாகையாக இருந்தது. குளிர்கால நண்பகலில் குடியிருப்புப் புல்வெளிகளில் அமர்ந்து வெயில் காய்வது தில்லி ஊழியர் வாழ்வின் ஓர் அங்கம். குடியிருப்பைச் சூழ்ந்த முனீர்கா, முகம்மதுபூர் ஆகியன பழைய சிற்றூர்கள். தில்லி, அரியானா வட்டாரச் சிற்றூர்களில் குளிர்காலத் தீயைச் சுற்றி முதியோர் உக்காவைக் கைமாற்றிப் புகைப்பது நெடுநாள் வழக்கம். அங்குப் புகை என்பது உறவு. எவரோடு உக்காவைப் பகிர்கிறோம் என்பது சாதி, குலம் பற்றிய அறிவிப்பும் ஆகும். சுருட்டோ தனியொருவனுக்கு உரியது. உக்காவின் வட்டத்திற்குள் புறத்தான் எளிதில் நுழைய இயலாது. சுருட்டுக்கோ அத்தகைய வட்டமே கிடையாது.

சுருட்டு குளிரைப் போக்கும் என்னும் நம்பிக்கைக்கு உடலியல் துணைநிற்கவில்லை. நிக்கோட்டின் தோலின் குருதிநாளங்களைச் சுருக்குகிறது. அதனால் விரல்கள் மேலும் குளிர்கின்றன. வெம்மையாகத் தோன்றுவது முகத்தருகே நிற்கும் கனலும், மூச்சின் நீராவியோடு கலந்து பெருகித் தோன்றும் புகையுமே.

சட்டமும் வெளியும் சந்திப்பது அடுத்த கட்டம். தில்லி அரசு 1996-இலேயே பொதுவிடப் புகைத்தலுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 2003-ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் பொதுவிடத்தை வரையறுக்கும்போது திறந்த வெளியை அதிலிருந்து நீக்கியது. 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் திறந்தவெளி அரங்கு, விளையாட்டரங்கு, தொடர்வண்டி நிலையம், பேருந்து நிறுத்தம் போன்றவற்றை அவ்விலக்கிலிருந்து மீட்டன. கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கெஜத்திற்குள் விற்பனையும் தடைசெய்யப்பட்டது. பள்ளிகள் செறிந்த ஆர்.கே.புரத்தில் இவ்விதி கடைத்தெருவின் பெரும்பகுதியைத் தழுவக்கூடியது. வழக்காறு புறத்தே நிறுத்திய சுருட்டைச் சட்டமும் புறத்தேதான் நிறுத்தியது. அகத்திலிருப்போரின் நலத்திற்கு அது தேவையானது என்பதில் ஐயமில்லை. ஆயின் தில்லியின் வெளியோ இப்போது தூய வெளியன்று. கார்த்திகை தொடங்கித் தை வரை நகரின் மீது படியும் நச்சுப்பனியில், புகைக்காதவனும் புகையையே உட்கொள்கிறான்.

அந்நச்சுப்பனியைத் தடுக்கும் முயற்சியில் இலை, குப்பை, விறகு ஆகியவற்றைத் திறந்தவெளியில் எரிப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதற்கு 5,000 உரூபாய் தண்டம் விதிக்க ஆணையிட்டது. குடியிருப்பு வாயில்களில் இரவெல்லாம் விழித்திருக்கும் காவலர் தீ மூட்டிக் குளிர்காய்வதும் இத்தடைக்குள் அடங்கும். எனவே அவர்களுக்கு மின்வெப்பக் கருவி வழங்குமாறு குடியிருப்போர் நலச்சங்கங்கள் அறிவுறுத்தப்பட்டுள்ளன. கருவி வாங்கித் தரப்படாத வாயில்களில், நக்கீரர் கண்ட கோவலர் கையிலிருந்த கொள்ளியும் இப்போது இல்லை.