மறதியுற்ற முதியோரும் வக்ஃபின் பணிவிடையும்

முதுமையில் அறிவு மங்குவது இன்று நேற்றுத் தோன்றிய நோயன்று. யாவும் அறிந்திருந்தவர் எதையும் அறியாதவராகிவிடும் தள்ளாத பருவத்தைத் திருமறை 16ஆம் அத்தியாயத்தின் 70ஆம் வசனத்தில் சுட்டுகிறது. அரபு மொழியில் அந்நிலைக்குக் ‘கரஃப்’ எனத் தனிச்சொல்லே உண்டு. உறங்குபவர், சிறுவர், சித்தம் கலங்கியவர் ஆகிய மூவரின் செயல்கள் பதியப்படுவதில்லை என்னும் கருத்துடைய நபிமொழியைத் தம் நூலில் சேர்த்த இமாம் அபூதாவூத் அவர்கள், மற்றோர் அறிவிப்பில் கரஃப் உற்ற முதியவரும் சேர்க்கப்பட்டிருப்பதைக் குறிப்பிடுகிறார்கள். ஆகவே ரக்அத்தின் கணக்கை மறந்த பாட்டனாரையோ, உண்ட சிறிது நேரத்திலேயே மீண்டும் உணவு கேட்கும் பாட்டியாரையோ கடிந்துகொள்ள மார்க்கத்தில் இடமில்லை.

முதியவரை விட்டுக் கடமை நீங்கிவிட்டது. அவரைப் பேணும் கடமை யாருடையது? பிள்ளைகளுடையது என்போம். அது சரியே. ஆனால் பிள்ளைகளுடையது மட்டுந்தானா? வரலாற்றைப் புரட்டினால் இன்னொரு விடையும் கிடைக்கிறது.

ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, உடல்நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இணைத்து ஆராய்ந்தவர். காரணம் தெரிந்த துயரத்தையும், காரணமின்றிக் கவியும் துயரத்தையும் அவர் வேறு பிரித்துக் காட்டினார். அதே நூற்றாண்டில் கைரவான் நகரத்து மருத்துவர் இப்னுல் ஜஸ்ஸார் மறதியையும் அதன் சிகிச்சையையும் பற்றித் தனி நூலொன்று இயற்றினார். அது பின்னர் இலத்தீனுக்கும் சென்றது. இப்னு ஸீனாவின் ‘அல்-கானூன்’ முதியோரைப் பேணும் முறைக்கெனத் தனிப் பகுதியே ஒதுக்கியது.

அறிவு ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1154இல் நூருத்தீன் திமிஷ்கில் மருத்துவமனை நிறுவினார். 1284இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் நிறுவிய மன்ஸூரீ மருத்துவமனையில் நோய்க்கேற்பத் தனித்தனிக் கூடங்கள் இருந்தன; ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறு பணிவிடையாளர்கள் இருந்தனர். 1354இல் ஹலப் நகரில் எழுந்த மருத்துவமனையில், சித்தம் கலங்கியோர் தங்கிய முற்றங்களில் நீரூற்று அமைத்தார்கள். 1488இல் துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் கட்டியதில் நீரோசையும் இன்னிசையும் மருந்தாயின. இவற்றைத் தாங்கி நின்றது வக்ஃபு. கடைகளின் வாடகையும் நிலங்களின் வருவாயும் மருந்துக்கு மட்டுமன்றி, பணிவிடை செய்தோரின் ஊதியத்துக்கும் சென்றன. பேணுதல் ஊரார் பகிர்ந்துகொண்ட பொறுப்பாக இருந்தது.

அக்காலத்தில் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1184இல் திமிஷ்கைக் கண்ட பயணி இப்னு ஜுபைர், அங்கே சித்தம் கலங்கியோர் சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததையும் எழுதியிருக்கிறார். நீரூற்று நம் மரபாயின் சங்கிலியும் நம் வரலாற்றில் உள்ளதே. அச்சங்கிலி நம் காலம் வரை நீண்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளர் விடுதியொன்று தீப்பற்றியபோது, கட்டப்பட்டிருந்தோர் ஓட வழியின்றி 28 உயிர்கள் கருகின. மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது.

இரும்புச் சங்கிலி இல்லாத வீடுகளிலும் வெளியில் தெரியாத கட்டு ஒன்று உண்டு. இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், அறிவுமங்கல் நோயுற்றவர்கள் என 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. கோவையின் கோட்டைமேடாயினும் கரும்புக்கடையாயினும், திருப்பூராயினும் ஈரோடாயினும், ஆண்கள் ஆலைக்கும் கடைக்கும் சென்றபின் அத்தகைய முதியவரோடு தனித்திருப்பவள் பெரும்பாலும் ஒரு மகளோ மருமகளோதான். இரவில் அவர் உறங்குவதில்லை. ஆதலால் அவளும் உறங்குவதில்லை. பணம் படைத்தோர்க்குக் கோவையைச் சுற்றி முதியோர் குடியிருப்புகள் பல எழுந்துள்ளன. ஏழைக் குடும்பத்துக்கு எது துணை?

முதல் துணை மருத்துவம். மறதியனைத்தும் கரஃப் அன்று. மனச்சோர்வும், தைராய்டு குறைவும், பி12 என்னும் உயிர்ச்சத்துக் குறைவும் மறதியாகத் தோன்றக்கூடும். இவை சிகிச்சைக்கு இணங்குபவை. ஓரிரு நாளில் திடீரென உளறல் கண்டால் உள்ளே தொற்று இருக்கலாம். தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஜின் என்றும் செய்வினை என்றும் மாதங்களைக் கழிப்பது நோயாளிக்கு இழைக்கும் அநீதி. துஆவும் செய்வோம், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் அழைத்துச் செல்வோம்.

அடுத்தது பணிவிடை. அன்றாடம் ஒரே நேரத்தில் உணவு, குளியல், உறக்கம் என்னும் ஒழுங்கு அவருக்கு ஊன்றுகோல். கடிகாரம் மறந்தவருக்கும் ஐவேளை பாங்கோசை பொழுதை உணர்த்தும். மாலையில் கலக்கம் மிகுவதுண்டு. மஃரிபுக்கு முன்னரே விளக்கேற்றி வைப்பது நலம். மறைந்த மனைவியை அவர் தேடினால், இறந்த செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் புண்ணைக் கிளறாமல் அவளைப் பற்றிய நினைவுகளைப் பேசவிடலாம். நேற்றைய நிகழ்ச்சியை மறந்தவர் இளமையில் மனனம் செய்த சூராவைத் தடையின்றி ஓதக்கூடும், அவரை ஓதவிடுங்கள்.

மூன்றாவது, ஊரின் துணை. வக்ஃபு வருவாயில் ஒரு சிறு பங்கு, பயிற்சி பெற்ற பணிவிடைப் பெண்கள் இருவருக்கு ஊதியமாகட்டும். மஹல்லாவில் இத்தகைய முதியோர் எத்தனை பேர் என்பதை ஜமாஅத் முதலில் கணக்கெடுக்கட்டும். வாரத்தில் ஒரு பிற்பகலேனும் மற்றொருவர் வந்து அமர்ந்தால், அந்த மருமகள் கண்ணயர்வாள். அதற்குக் கலாவூனின் செல்வம் தேவையில்லை; அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும். அத்தீர்மானத்தை எழுதும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக.