ஓலையில் இல்லாத தடைகள்

விடியற்காலையில் ஊத்துக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் நின்றால், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் புறப்படும் இளைஞரையும் இளம்பெண்களையும் காணலாம். ஒரே வண்டியில் சென்று ஒரே கூரையின்கீழ் உழைப்பவர்களிடையே அறிமுகம் நட்பாகிறது. நட்பு சில வேளைகளில் விருப்பமாகவும் மலர்கிறது. வீட்டில் சொல்லும் நாள் வரும்போதுதான் கேள்விகள் எழுகின்றன. என்ன சாதி? சொந்த வீடு உண்டா? நிரந்தர வேலையா, ஒப்பந்த வேலையா? நம் பெண்ணைவிடக் குறைவாகச் சம்பாதிப்பவனா? காலம் கெட்டுவிட்டது என்று பெரியோர் வருந்துகின்றனர். ஆனால் விருப்பத்துக்கும் தகுதிக்கும் இடையேயான இந்த வழக்கு மிகப் பழையது.

காதலை இலக்கணத்தில் வைத்துப் போற்றிய மொழி நம்முடையது. ஆயினும், அந்தக் காதலுக்கும் தொல்காப்பியர் அளவுகோல் வைத்தார். தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்கவேண்டிய பத்துப் பொருத்தங்களை மெய்ப்பாட்டியலில் எண்ணுகிறார். அருள், உணர்வு, நிறை ஆகியவற்றோடு பிறப்பும் குடிமையும் செல்வமும் அப்பட்டியலில் உண்டு. ஆண்மகன் உயர்ந்தவனாக இருந்தால் தவறில்லை என்றும் களவியல் விலக்கு அளிக்கிறது. பெண் உயர்ந்தவளாக இருப்பதற்கு அப்படியொரு விலக்கு இல்லை. மாப்பிள்ளை ஒரு படி மேலே இருக்கவேண்டும் என்று இன்று நாம் எதிர்பார்ப்பதன் வேர் அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது.

அதே தொல்காப்பியர் கற்பியலில் வேறு இரண்டு செய்திகளையும் சொல்கிறார். பொய்யும் தவறும் தோன்றிய பின்னரே சான்றோர் திருமணச் சடங்கை வகுத்தனர் என்பது ஒன்று. உடன்போக்குச் சென்றவர்களுக்குக் கொடுப்பார் இல்லாமலும் அச்சடங்கு உண்டு என்பது மற்றொன்று. ஏமாற்றப்படுவோரைக் காப்பதற்கே சடங்கு பிறந்தது என்பது இவற்றின் கருத்து.

கடல் கடந்த ஐரோப்பாவிலும் ஏறத்தாழ இதுவே நிகழ்ந்தது. மணமக்களின் மனமொத்த சம்மதமே திருமணத்தை உருவாக்குகிறது என்று இடைக்காலத் திருச்சபை கற்பித்தது. ஆகவே, சாட்சியின்றி இருவர் தனித்து ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டாலும் அது செல்லுபடியாகும் திருமணமாகவே கருதப்பட்டது. அதனால் விளைந்த துன்பம் பெரிது. மறைவில் ஒருத்தியை மணந்தவன், பின்னர் அவளைக் கைவிட்டு, ஊரறிய வேறொருத்தியை மணந்தான். முதல் பெண்ணின் கண்ணீருக்குச் சாட்சி இல்லை.

இக்கேட்டை நீக்கவே, 1563 நவம்பர் 11 அன்று திரிதெந்தீன் பொதுச்சங்கம் திருமணத்துக்கு ஒரு முறையை வகுத்தது. பங்குத்தந்தையின் முன்னிலையும் இரண்டு அல்லது மூன்று சாட்சிகளும் கட்டாயமாயின. 1215ஆம் ஆண்டு இலாத்தரன் சங்கம் ஏற்படுத்திய முன்னறிவிப்பை மூன்று திருநாள்களில் செய்யவேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. அவ்வேளையில் பிரெஞ்சு அரசின் தூதர்கள் பெற்றோரின் சம்மதத்தையும் கட்டாயமாக்கக் கோரினர். குடும்பச் சொத்தும் குலப்பெருமையும் கலைந்துவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு. சங்கம் இசையவில்லை. பெற்றோர் அறியாத திருமணங்களைத் திருச்சபை வெறுக்கிறது என்று கூறிய அதே ஆணை, பெற்றோர் இசையாததால் அவை செல்லாமற்போகும் என்போரைக் கண்டித்தது.

ஊத்துக்கோட்டையைத் தொட்டு ஓடும் ஆரணியாறு பழவேற்காட்டு ஏரியில் கலக்கிறது. போர்த்துக்கீசியர் 1515இல் மாதா கோவில் எழுப்பிய கடற்கரை அது. கடல்வழி வந்த திருச்சபைச் சட்டம் தமிழகப் பங்குகளில் 'ஓலை' ஆயிற்று. ஞாயிறு திருப்பலியில் இன்றும் ஓலை வாசிக்கப்படுகிறது. தடை ஏதும் அறிந்தவர் தெரிவிக்குமாறு கேட்கப்படுகிறது.

அந்தத் தடைகள் எவை? 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு பன்னிரண்டைக் குறிப்பிடுகிறது. வயதுக் குறைவு, முந்தைய திருமணப் பிணைப்பு, நெருங்கிய இரத்த உறவு, திருமுழுக்குப் பெறாதவரை மணத்தல் போன்றவை அவை. சாதி அவற்றுள் இல்லை. வருமானம் இல்லை, படிப்பு இல்லை, பெண் ஒரு படி உயர்ந்திருப்பதும் இல்லை.

நாமோ பதின்மூன்றாவது தடையை நெஞ்சில் எழுதி வைத்திருக்கிறோம். மணமகள் தேவை, மணமகன் தேவை விளம்பரங்களில் 'ஆர்.சி.' என்ற எழுத்துகளை அடுத்துச் சாதிப்பெயர் நிற்கிறது. வரதட்சணைத் தடைச்சட்டம் 1961இலேயே வந்தும் 'சீர்' என்ற பெயரில் பேரம் தொடர்கிறது. 2011-12இல் எடுக்கப்பட்ட இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின்படி, நாட்டில் சாதி கடந்த திருமணங்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து மட்டுமே. வயதுவந்த இருவர் மனமொத்து மணப்பதற்குக் குடும்பத்தின் ஒப்புதலோ சாதியின் ஒப்புதலோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. பெற்றோரின் இசைவைப் பொறுத்தவரை இதன் சாரத்தைத் திருச்சபை 455 ஆண்டுகளுக்கு முன்பே கூறிவிட்டது.

இதனால் பெற்றோரின் கவலை பொருளற்றது ஆகிவிடாது. எல்லா ஈர்ப்பும் அன்பாகிவிடுவதில்லை. பொய்யும் தவறும் தொல்காப்பியர் காலத்தோடும் திரிதெந்தீன் காலத்தோடும் முடிந்துவிடவில்லை. இன்று அவை கைப்பேசி வழியாகவும் வருகின்றன. அவன் முன்பே மணமானவனா, கடனாளியா, குடிப்பவனா, கைநீட்டுபவனா என்று விசாரிப்பது பெற்றோரின் கடமை. மகளைக் காக்கும் கேள்விகள் இவை. சாதியையும் சம்பளத்தையும் பற்றிய கேள்விகளோ பெரும்பாலும் நம் கௌரவத்தைக் காப்பவை. இரண்டையும் பிரித்தறியும் பெற்றோரிடம் பிள்ளைகள் மறைக்காமல் பேசுவார்கள். மற்றவர்களின் பிள்ளைகள் மறைவில் மணப்பார்கள். மறைவில் நேரும் கேடு பெண்ணின் தலையிலேயே விழும் என்பதற்கு வரலாறே சாட்சி.

அடுத்த ஞாயிறு உங்கள் பங்கில் ஓலை வாசிக்கப்படும்போது, ஒரு கணம் உங்கள் நெஞ்சைக் கேட்டுப் பாருங்கள். இந்த இருவரைப் பற்றி அங்கே எழும் தடை அந்தப் பன்னிரண்டில் ஒன்றா?