குளிர்நிலைத் தொடக்கத்தில் எழும் பொறி ஒலி

குளிர்நிலைத் தொடக்க ஒலி என்பது, பல மணி நேரம் நிறுத்தப்பட்டிருந்த தானுந்தின் (கார்) பொறியை இயக்கும்போது, முதல் சில நொடிகள் அல்லது நிமிடங்களுக்குக் கேட்கும் வழக்கத்துக்கு மாறான ஓசை ஆகும். பழைய சிறிய தானுந்துகளில் இது மிகுதியாகக் காணப்படுகிறது. இவ்வொலி தேய்மானத்தின் எளிய அடையாளமாக இருக்கலாம். பொறி சிதையப் போவதற்கான முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். ஒலியின் தன்மை, அது மறைய எடுத்துக்கொள்ளும் நேரம் ஆகிய இரண்டையும் கொண்டு இவை வேறுபடுத்தப்படுகின்றன.

குளிர்நிலை

குளிர்நிலை என்பது கடுங்குளிரைக் குறிப்பதன்று. பொறியின் குளிர்நீர் இயங்குநிலையில் ஏறத்தாழ 80 முதல் 90 பாகை செல்சியசு வரை வெப்பம் கொண்டிருக்கும். அதனுடன் ஒப்பிட, இரவு முழுவதும் நின்ற பொறி சென்னையிலும் குளிர்நிலையிலேயே இருக்கும். உயரம் 1000 மீட்டர் கூடினால் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறைவதால், சவ்வாது மலை போன்ற பகுதிகளில் விடியற்காலையில் மசகு எண்ணெய் மேலும் தடித்திருக்கும். இம்மலையில் காவலூரில் அமைந்துள்ள வைணு பாப்பு வானாய்வகம் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் உள்ளது.

ஒலி வகைகள்

டப்பட் ஒலி: சீரான, மெல்லிய 'டிக் டிக்' ஓசை, பொறியின் மேற்பகுதியில் கேட்கும். கேம் தண்டு, கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் சுழல்வதால், நிமிடத்துக்கு 900 சுற்றுகளில் ஓடும் பொறியில் ஒரு வால்வின் ஓசை நொடிக்கு 7 அல்லது 8 முறை எழும். திருகு மூலம் வால்வு இடைவெளி சரிசெய்யப்படும் பொறிகளில், பொறி சூடான பிறகும் இது பெரும்பாலும் தொடரும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் டப்பட்டுகளில் எண்ணெய் நிரம்பியதும் மறையும்.

பிஸ்டன் தட்டல்: தேய்ந்த உருளையில் பிஸ்டன் பக்கவாட்டில் மோதுவதால் எழும் மந்தமான ஓசை. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியக்கூடியது. ஆகவே வார்ப்பிரும்பு உருளையில் ஓடும் அலுமினிய பிஸ்டன், சூடாகும்போது இடைவெளியைக் குறைக்கிறது. சில நிமிடங்களில் ஓசை அடங்குகிறது.

பேரிங் இடிப்பு: பொறியின் அடியிலிருந்து வரும் கனத்த 'டக் டக்' ஓசை. தாங்கிகளிலிருந்து எண்ணெய் வடிந்திருந்தால் இது ஓரிரு நொடிகள் கேட்டு மறையலாம். தொடர்ந்து கேட்டாலோ, எண்ணெய் அழுத்த விளக்கு அணையாவிட்டாலோ பொறியை உடனே நிறுத்த வேண்டும்.

புகைபோக்கிக் கசிவு: உருளைத்தலையுடன் புகைக்குழாய் இணையும் இடத்தில் கேஸ்கெட் பழுதானால் டப்பட் ஒலியை ஒத்த ஓசை எழும். உலோகம் விரிந்ததும் கசிவு அடைபட்டு ஓசை குறையும். இணைப்பைச் சுற்றிய கரிப்படிவு இதன் அடையாளம்.

பெல்ட் கீச்சொலி: பொறியை இயக்கப் பயன்பட்ட மின்சாரத்தை பேட்டரிக்கு ஈடுசெய்ய ஆல்டர்னேட்டர் கூடுதல் சுமை ஏற்கும்போது, தளர்ந்த பெல்ட் வழுக்குவதால் எழுவது. பனி ஈரமும் காரணமாகலாம்.

கண்டறியும் முறை

முதல் இயக்கத்திலேயே சோதிக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை விதி. ஜமுனாமரத்தூரில் காலையில் ஒலித்த வண்டி, மலைச்சாலையில் இறங்கிப் போளூர்ப் பட்டறையை அடையும்போது முழுமையாகச் சூடாகியிருக்கும், ஓசையும் மறைந்திருக்கலாம். ஆகவே வண்டியை முந்தைய மாலையே பட்டறையில் விடுவதோ, ஓசையைக் கைப்பேசியில் பதிவு செய்து எடுத்துச் செல்வதோ வழக்கம். பேரிங் இடிப்பு என ஐயம் இருந்தால் வண்டியை ஓட்டிச் செல்லாமல் இழுத்துச் செல்வதே பாதுகாப்பானது.

1. பொறியை இயக்குமுன் எண்ணெய் அளவுகோலைப் பார்க்க வேண்டும்.
2. ஓசை தொடங்கி மறையும் வரை ஆகும் நேரத்தைக் குறிக்க வேண்டும்.
3. நீண்ட திருப்புளியின் முனையை அசையாத பாகத்தில் வைத்து, பிடியைக் காதருகே கொண்டு ஓசையின் இடத்தை அறியலாம். சுழலும் விசிறி, பெல்ட் ஆகியவற்றிலிருந்து கையும் ஆடையும் விலகியிருக்க வேண்டும்.
4. ஒவ்வோர் உருளையின் தீப்பொறியையும் சிறிது நேரம் துண்டித்துப் பார்க்கையில் ஓர் உருளையில் இடிப்பு குறைந்தால், பழுது அவ்வுருளையின் இணைப்புத் தண்டுத் தாங்கியில் இருக்கலாம். உயர் மின்னழுத்தம் உள்ளதால் இதைப் பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும். வினையூக்கி மாற்றி உள்ள வண்டிகளில், எரியாத பெட்ரோல் அதைக் கெடுக்கும் என்பதால் நீடிக்கக் கூடாது.
5. பெல்ட் மீது சிறிது நீர் தெளிக்கும்போது கீச்சொலி மாறினால் காரணம் பெல்ட்டே ஆகும்.

மூடிய கொட்டகைக்குள் பொறியை ஓடவிட்டுச் சோதித்தல் ஆகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சு வாயு ஆகும்.

மாருதி 800

1983 முதல் 2014 வரை இந்தியாவில் தயாரிக்கப்பட்ட மாருதி 800, மூன்று உருளைகளும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் கொண்ட பொறியை உடையது. கேம் தண்டைப் பல் பட்டை இயக்குவதால், சங்கிலி கொண்ட பொறிகளில் கேட்கும் சங்கிலிச் சலசலப்பு இதில் இல்லை. மூன்று உருளைப் பொறிகளுக்கு இயல்பாகவே உள்ள அதிர்வைப் பழுதாகக் கருதக் கூடாது.

மசகு எண்ணெய்

20டபிள்யூ-40 போன்ற குறியீட்டில் முதல் எண் குளிரில் எண்ணெய் பாயும் தன்மையைக் காட்டுகிறது. அவ்வெண் குறைந்தால் எண்ணெய் விரைவாக மேலேறும். தரமற்ற வடிகட்டியில் எண்ணெய் திரும்பி வடிவதைத் தடுக்கும் அடைப்பான் பழுதானால், ஒவ்வொரு காலையும் முதல் நொடிகளில் இடிப்பு கேட்கும். வடிகட்டியை மாற்றியதும் ஓசை நின்றால் பொறியைப் பிரிக்கத் தேவையில்லை. ஓசையை அடக்க மிகத் தடித்த எண்ணெயை ஊற்றுவது பழுதை மறைக்குமே அன்றி நீக்காது; குளிர்நிலையில் எண்ணெய் சென்றடைவதையும் தாமதப்படுத்தும்.

இவற்றையும் பார்க்க

உள் எரி பொறி
மசகு எண்ணெய்
மாருதி 800