கம்பளையில் நடந்த விவாதமும் எங்கள் வட்ஸ்அப் குழுவும்

போன மாதம் எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரு தங்கை கேள்வி ஒன்று போட்டாள். பல்கலைக்கழகப் பதிவுக் கடிதம் தோட்டத்து ஒபீசில் கிடந்து, கடைசித் திகதிக்கு இரண்டு நாள் முந்தித்தான் அவள் கைக்கு வந்திருக்கிறது. இனி என்ன செய்யலாம் என்று கேட்டாள்.

"லயத்துக்கு எப்பதான் முகவரி தரப்போறாங்க?" என்று ஒருவர் தொடங்கினார். அங்கிருந்து தொழிற்சங்கம், தேர்தல், கடைசியில் கிரிக்கெட் என்று பேச்சு எங்கேயோ போய்விட்டது. அப்படிக் கதைத்தவர்களில் நாங்களும் இருந்தோம். அவளுக்குப் பதில் மட்டும் கிடைக்கவில்லை.

இந்த வருத்தத்தோடுதான் எங்கள் ஊர்ப் பக்கத்து வரலாறு ஒன்றைத் தேடிப் படித்தோம்.

கண்டியிலிருந்து நாவலப்பிட்டிக்குப் போகிற வழியில் இருக்கிற கம்பளையில், 1871இல் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் மேடையேறி விவாதித்தார்கள். 1865இல் பத்தேகமவில் தொடங்கிய விவாத வரிசையில் அதுவும் ஒன்று. பத்தேகமவில் வாதங்களை எழுத்திலேயே பரிமாறிக்கொண்டார்கள். வரிசையில் பெயர்பெற்றது 1873 ஆகஸ்ட் 26, 28 ஆகிய நாட்களில் நடந்த பாணந்துறை விவாதம். ஒரு பக்கம் மீகெட்டுவத்தே குணானந்த தேரர், மறுபக்கம் டேவிட் டி சில்வா பாதிரியார். கேட்க வந்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

எங்களை யோசிக்க வைத்தது அங்கே இருந்த ஒழுங்கு. ஒருவர் ஒரு மணித்தியாலம் பேசுவார், அதுவரை மற்றவர் காத்திருப்பார். தன் முறை வந்ததும், எதிராளி சொன்னதை எடுத்துவைத்து அதற்குப் பதில் சொல்ல வேண்டும். நம்பிக்கையே பணயமாக இருந்த இடத்தில்கூட முறைவைத்துப் பேச முடிந்திருக்கிறது. பேசியதை ஜோன் கேப்பர் தன் பத்திரிகையில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அது கடல் கடந்து வாசிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1880இல் ஒல்கொட் இலங்கைக்கு வந்தார்.

மின்னஞ்சல் குழுக்கள் பெருகியபோது இதே பிரச்சினை உலகத்துக்கே வந்தது. 1995 ஒக்டோபரில் சாலி ஹம்பிரிட்ஜ் என்பவர் இணையப் பண்பாடு பற்றிய வழிகாட்டி ஒன்றைத் தொகுத்தார். ஒரு குழுவில் எழுதுவதற்கு முன் ஒன்றிரண்டு மாதம் வாசித்துப் பாருங்கள், சுருக்கமாகவும் தலைப்போடு ஒட்டியும் எழுதுங்கள், ஒருவரோடு மட்டும் முரண்பட்டால் அதைத் தனிமடலில் பேசுங்கள் என்று அது சொன்னது.

தமிழர்களும் அந்தக் காலத்தில் மின்னஞ்சலில் வாதாடியவர்கள்தான். டிஸ்கி என்கிற தமிழ்க் குறியேற்றம் 1990களின் பிற்பகுதியில் அப்படிப்பட்ட மடற்குழு உரையாடலில்தான் வடிவம் பெற்றது. வெவ்வேறு நாடுகளில் இருந்தவர்கள் எந்த எழுத்தை எந்த எண்ணில் வைப்பது என்று எழுதி எழுதியே ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒவ்வொரு மடலும் ஊர்க்கதை, அரசியல் என்று போயிருந்தால் அந்த வேலை முடிந்திருக்குமா?

ஆனால் ஒழுங்கு என்ற பெயரில் வாயை அடைக்கிறதும் நடக்கும். "அது இப்ப தலைப்பில்லை" என்று சொல்லியே எத்தனையோ பேருடைய பிரச்சினையை ஒதுக்கியிருக்கிறார்கள். லயத்து முகவரிப் பிரச்சினையும் பேச வேண்டியதுதான். அவளுடைய கேள்விக்குப் பதில் சொன்ன பிறகு, தனித் தலைப்பில் பேசியிருக்கலாம்.

அதனால் மூன்று விஷயங்களை எங்களுக்குள் முடிவு செய்திருக்கிறோம். யாராவது உதவி கேட்டால் முதல் பதில் அந்த உதவியைப் பற்றியதாக இருக்க வேண்டும். கிளைக்கதைக்குப் புதுத் தலைப்பு வைக்க வேண்டும். இரண்டு பேருடைய சண்டை அவர்களுடைய தனிச்செய்தியில் இருக்கட்டும்.

அந்தத் தங்கைக்குக் கடைசியில் உதவியது பக்கத்து லயத்து ஆசிரியர் ஒருவர். அவர்தான் கூடவே போய்ப் பதிவை முடித்துக் கொடுத்தார். நாங்கள் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் இன்னும் குழுவில் எதுவும் எழுதவில்லை.