முத்துவின் செவியும் லேயார்டின் ஏடும்: பறவை நூல்கள், ஒலிப்பதிவுகள் பற்றிய ஒரு சமூகவரலாற்று நோக்கு

அகத்திணை மரபிலே கருப்பொருள்களுள் ஒன்றாகப் புள் எண்ணப்படுவதைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். தேர்வுக்காக அப்பட்டியலை மனனஞ் செய்யாதவர் நம்மிடையே இல்லை. ஆயினும் சங்கப் பாடலொன்றிற் பயிலும் பறவை எதுவென அறிய விரும்பி அகராதியைப் புரட்டும் மாணவனுக்குப் பல வேளைகளிற் கிடைப்பது 'ஒருவகைப் பறவை' என்னும் விடையே. அன்றிலின் பிரிவாற்றாமை குறித்துப் பக்கம் பக்கமாக எழுதியுள்ளோம். அன்றில் எதுவென்பதிற் கருத்தொருமிப்புக் காணவில்லை. இதனைத் தனிப்பட்ட அகராதிக்காரரின் அறியாமையாகக் கொள்வது பொருந்தாது. பறவைகளை அறிந்திருந்த வேடரும் உழவரும் கடற்றொழிலாளரும் ஏட்டுலகுக்கு வெளியே நின்றனர். ஏடெழுதியோருக்கு அவர்களிடஞ் சென்று கேட்கவேண்டிய தேவை தோன்றவில்லை. உடலுழைப்பும் அறிவுழைப்பும் பிளவுண்ட சமுதாயமொன்றின் தடயமே அந்த 'ஒருவகைப் பறவை'.

இப்பிளவு தமிழுக்கு மாத்திரம் உரியதன்று. பறவை ஆர்வலருக்கென எழுந்த நூல்களின் வரலாற்றையும், பின்னர் அவற்றோடு சேர்ந்துகொண்ட ஒலிப்பதிவுகளின் வரலாற்றையும் இலங்கையை மையமாக வைத்து நோக்குமிடத்து, அதே பிளவு வேறு வடிவங்களில் வெளிப்படுவதைக் காணலாம்.

ஒல்லாந்தர் காலத்திலிருந்து தொடங்குவோம். 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்த ஆளுநராயிருந்த லோட்டன் இத்தீவின் பறவைகளை வண்ண ஓவியங்களாகத் தீட்டுவித்தார். தீட்டியவர் டி பெவர் என்னும் இந்நாட்டிற் பிறந்த கலப்பின ஓவியர். அவ்வோவியங்கள் ஐரோப்பாவுக்குச் சென்றன; அங்குள்ள இயற்கை நூலார் அவற்றைப் பார்த்து எழுதினர். நம் வீட்டு முற்றங்களில் வாழைப்பூவை நாடிவரும் நீண்டு வளைந்த அலகுடைய தேன்சிட்டு, லின்னேயசின் இலத்தீன் பெயரீட்டில் இன்றும் லோட்டனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தீட்டிய கை பெயரீட்டில் இடம்பெறவில்லை. தீட்டுவித்த அதிகாரம் இடம்பெற்றது.

நூறாண்டு கழித்து நிகழ்ந்தது இதனினும் நுணுக்கமானது. 1840களின் நடுப்பகுதியில் இலங்கைக்கு வந்து பிரித்தானியக் குடியேற்ற நிருவாகத்திற் பணியாற்றிய எட்கார் லேயார்ட், வடபகுதியிலும் வாழ்ந்து பறவைகளைச் சேகரித்தவர். அவர் இலங்கைப் பறவைகள் பற்றி எழுதிய தொடர் குறிப்புகள் 1853, 1854ஆம் ஆண்டுகளில் இலண்டன் ஆய்விதழொன்றில் வெளிவந்தன. அவற்றிலே பருத்தித்துறையிற் கிடைத்த சிறியதோர் ஈப்பிடிப்பான் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. அதற்கு லேயார்ட் இட்ட இலத்தீன் பெயர் 'முத்துயி'. முத்து என்பவர் அவருடைய வேலைக்காரர். அப்பறவையைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவரே. தமது சிறந்த சேகரிப்புகள் பலவற்றுக்கு அவருடைய பொறுமையான முயற்சிக்குத் தாம் கடமைப்பட்டிருப்பதாக லேயார்டே எழுதியுமுள்ளார்.

லேயார்டின் நன்றியுணர்வை ஐயுற வேண்டியதில்லை. குடியேற்ற அதிகாரிகளுள் இவ்வளவுக்கேனும் வேலையாளைப் பெயர் சுட்டி எழுதியோர் சிலரே. ஆயினும் அந்த நன்றியின் எல்லை எத்தகையது என்பதே ஈண்டு நாம் வினவவேண்டியது. சாம்பலும் கபிலமும் கலந்து, பிற ஈப்பிடிப்பான்களிலிருந்து எளிதிற் பிரித்தறிய இயலாத, பனிக்காலத்தில் மாத்திரம் இங்கு வந்துதங்கும் பறவையொன்றை 'இது வேறு' என்று கண்டுகொள்வதற்குப் பயின்ற கண்ணும் செவியும் வேண்டும். முத்துவிடம் அவை இருந்தன; இல்லையெனில் அது எசமானரின் மேசைக்கு வந்திராது. ஆயின் அவர் அறிந்த வேறெதுவும் அந்த ஏட்டில் இல்லை. அவர் அதனை எந்தப் பெயரால் அழைத்தார், எந்த மரநிழலிற் கண்டார், அதன் குரலை எவ்வாறு சொல்வார் என்பன பதியப்படவில்லை. அறிவைத் தந்தவர் அறிஞராக ஏற்கப்படவில்லை. பற்றுமிக்க ஊழியராகவே ஏற்கப்பட்டார். இவற்றோடு மற்றொன்றையும் சேர்த்து நோக்கவேண்டும். இலத்தீனில் முத்துவின் பெயரைக் கொண்ட இதே பறவை ஆங்கில நூல்களில் நெடுங்காலமாக 'லேயார்டின் ஈப்பிடிப்பான்' என வழங்கிவந்துள்ளது. நிபுணர் மட்டும் வாசிக்கும் மொழியில் ஊழியனும், பலரும் வாசிக்கும் மொழியில் எசமானனும் இடம்பெற்றுள்ளனர்.

லேயார்டின் காலத்திலும் அதன் பின்னரும் பறவை நூலுக்கு அடிப்படைக் கருவி துப்பாக்கியே. சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து, அளந்து எழுதுவதே முறை. தாஸ்மேனியாவிற் பிறந்த பீரங்கிப்படை அதிகாரி வின்சென்ற் லெக் 1878க்கும் 1880க்கும் இடையில் இலண்டனிற் பகுதி பகுதியாக வெளியிட்ட 'இலங்கைப் பறவைகளின் வரலாறு' இம்முறையின் உச்சம். ஏறத்தாழ 1,200 பக்கங்கள். கோய்லமன்சின் கையால் வண்ணந்தீட்டப்பட்ட படங்கள். இரு கைகளாலும் தூக்கவேண்டிய பருமன். வயலுக்கோ காட்டுக்கோ கொண்டுசெல்லும் நூலன்று அது. தோட்டத்துரையின் வரவேற்பறைக்கும் நூலகத்துக்கும் உரியது. 1830கள் தொடக்கம் கோப்பிப் பயிருக்காக மலைநாட்டுக் காடுகள் வெட்டி வெளியாக்கப்பட்ட வரலாற்றையும் இதனோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். சேகரிப்போனைக் காட்டின் விளிம்புவரை இட்டுச்சென்ற வீதியே காட்டை அழித்த வீதியுமாகும்.

எனினும் லெக்கின் நூலைக் குடியேற்றவாதத்தின் சின்னமென்று ஒதுக்கிவிடுவது எளிய வழி. அது பிழையான வழியுங்கூட. அந்நூலிலே பறவைகள் பலவற்றுக்குச் சிங்களப் பெயர்களோடு இலங்கைத் தமிழர் வழங்கிய பெயர்களும் உரோம எழுத்திலே தரப்பட்டுள்ளன. சிலவற்றுக்குச் சொற்பொருளும் ஆங்கிலத்திற் கூறப்பட்டுள்ளது. நமது பண்டிதர்கள் 'ஒருவகைப் பறவை'யோடு நிறைவடைந்திருந்த காலத்தில், இராணுவ அதிகாரியொருவர் நம்மவரின் வாய்ச்சொற்களை எழுதி வைத்தார் என்பது நமக்கு அத்துணைப் பெருமை தரும் செய்தியன்று. அச்சொற்களைக் கூறியோர் யாவர் என்பது மாத்திரம் அங்கும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் நூலின் உருவமும் வாசகரும் மாறுகின்றனர். தேயிலைத் தோட்டமொன்றிலே 1891இற் பிறந்த ஜி. எம். ஹென்றி கொழும்பு நூதனசாலையில் ஓவியராகச் சேர்ந்து, 1946 வரை அங்கு பணியாற்றியவர். 1955இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட அவரது 'இலங்கைப் பறவைகளுக்கு ஒரு வழிகாட்டி' அவரே எழுதி அவரே படம் வரைந்த நூலாகும். துப்பாக்கியின் இடத்தைத் தொலைநோக்கி கைப்பற்றிவிட்ட காலம் அது. இறந்த பறவையின் சிறகளவைக் காட்டிலும் உயிருள்ள பறவையின் நடையும் இருப்பும் குரலும் முதன்மை பெறுகின்றன. உத்தியோகத்தர், ஆசிரியர், மருத்துவர் எனப்பட்ட ஆங்கிலங் கற்ற மத்தியதர வகுப்பே அதன் வாசகர் கூட்டம். இந்தியாவில் 1941இல் வெளிவந்த சலீம் அலியின் நூலும் இவ்வாறான வாசகரையே ஈட்டிக்கொண்டது.

குரலை எழுத்திற் கொண்டுவர முயலும்போது இவ்வகை நூல்கள் ஓர் இக்கட்டை எதிர்நோக்குகின்றன. பறவையின் குரல் மனித மொழியின் அசைகளுக்குள் அடங்குவதில்லை. கேட்பவன் தன் மொழியையும் தன் வாழ்வையுமே அதற்குள் கேட்கிறான். வயல் வரம்பில் வாழும் ஆட்காட்டியை எடுத்துக்கொள்வோம். ஆங்கில நூல்கள் அதன் குரலை 'டிட் ஹீ டூ இட்' என எழுதுகின்றன: அவன்தான் அதைச் செய்தானா என்ற விசாரணைக் கேள்வி. தமிழ்ப்பெயரோ குரலின் ஓசையைப் பற்றிக் கவலைப்படவேயில்லை. ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பது எதுவோ அது ஆட்காட்டி. பதுங்கிச் செல்லும் வேடனுக்கும், இரவிலே வயற்காவல் புரிபவனுக்கும் அக்குரலிலிருந்து தேவைப்பட்ட செய்தி அதுவே. குறுந்தொகையில் ஆலந்தூர் கிழார் கூறும் நெடுங்கால் கணந்துளும் ஆள் நடமாட்டத்தை உணர்த்தி வழிச்செல்வோரை எச்சரிக்கும் பறவையாகவே வருகின்றது. உயிரியற்படி இரண்டும் ஒன்றா என்னும் வாதத்தைக் காட்டிலும், குரலைத் தொழிலால் அறிந்த ஒரு மரபு இத்தனை நூற்றாண்டுகளாக அறுபடாமல் மக்களிடையே நிலைத்துள்ளது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

குரலை எழுத்திலிருந்து விடுவித்தது இயந்திரம். 1650இலேயே கிர்ஷர் என்னும் பாதிரியார் இராப்பாடியின் பாட்டை இசைக்குறியீட்டில் எழுத முயன்றார். அதனைப் பாடிக் காட்டினாற் பறவைக்கே புரியாது. எடிசனின் போனோகிராப் வந்த பின்னர், 1889இல், ஜேர்மனியின் பிராங்போர்ட் நகரிலே லுட்விக் கொஹ் என்னும் எட்டு வயதுச் சிறுவன் தந்தை வாங்கிக்கொடுத்த கருவியில் தன் கூண்டுப்பறவையின் குரலை மெழுகு உருளையிற் பதிந்தான். இன்று அறியப்படும் பறவைக்குரற் பதிவுகளுள் மிகப் பழையது அதுவே. அந்தப் பறவை ஐரோப்பாவுக்கு உரியதன்று. அது சாமா, தமிழிற் சோலைப்பாடி எனப்படுவது. இந்தியக் காடுகளிலும் இலங்கைக் காடுகளிலும் மூங்கிலடர்ந்த நிழலிற் பாடுவது. அதன் பாட்டை முதலில் இயந்திரத்திற் கேட்டவர்கள் அக்காடுகளைக் கண்டிராத செல்வக் குடும்பமொன்றின் உறுப்பினர். பருத்தியும் தேயிலையும் சென்ற கடல்வழியிலேயே பாட்டும் பண்டமாகச் சென்றிருக்கிறது.

கொஹ்ஹின் பிற்கால வாழ்வு இக்கதையை வேறு திசைக்குக் கொண்டுசெல்கிறது. யூதரான அவர் நாசிகளின் கொடுமைக்கு அஞ்சி 1936இல் இங்கிலாந்திற் புகலடைந்தார். அதே ஆண்டில் நிக்கல்சனின் எழுத்தோடு அவருடைய பதிவுகள் சேர்ந்து 'காட்டுப் பறவைகளின் பாட்டுகள்' வெளிவந்தது. நூலும் இசைத்தட்டுகளும் ஒரே உறையில் விற்கப்பட்ட 'ஒலிநூல்' அது. கூண்டுப் பறவையிற் தொடங்கியவர், பாரமான மெழுகுத் தட்டுக் கருவிகளை ஊர்தியில் ஏற்றிக்கொண்டு விடியற்காலையிற் காத்திருந்து, கட்டுண்ணாத பறவைகளைப் பதிபவராக மாறியிருந்தார். நாடிழந்தவர் ஒருவரின் உழைப்பே ஆங்கில வானொலி நேயர்களுக்கு அவர்களது சொந்தப் பறவைகளை அறிமுகஞ் செய்தது. அக்காலத்தின் மற்றொரு பதிவையும் மறத்தற்கில்லை. 1942 மே மாதம் பீ.பீ.சி. இராப்பாடியின் பாட்டை நேரடியாக ஒலிபரப்ப ஆயத்தமாயிருந்தபோது, மன்ஹைம் நகரின் மீது குண்டுவீசச் செல்லும் விமானங்களின் இரைச்சல் எழுந்தது. எதிரிக்குத் துப்பாகிவிடுமென அஞ்சி ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. பதிவுக்கருவி நிற்கவில்லை. விமானங்கள் வந்து கடக்கின்றன, பறவை பாடிக்கொண்டேயிருக்கிறது. இயற்கையின் தூய குரல் என்று தனியே ஒன்றில்லை, அதனைச் சூழ்ந்த வரலாறும் தட்டிற் பதிந்தே தீரும் என்பதற்கு இதனைக் காட்டிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இலங்கையில் ஒலிநாடா வழிகாட்டிகள் பிந்தியே தோன்றின. தீபால் வாரகாகொட 1990களின் பிற்பகுதியிலே இந்நாட்டுப் பறவைக் குரல்களை ஒலிநாடாக்களாக வெளியிட்டார். கித்துல்கலைக் காட்டிலே 1995இல் அவர் செவியில் விழுந்த ஓர் ஆந்தைக் குரல் அறியப்பட்ட எவ்வினத்தினதும் குரலோடு பொருந்தவில்லை. 2001 சனவரியில் சிங்கராஜக் காட்டில் அப்பறவையைக் கண்ணாற் கண்டார். 2004இல் ரஸ்முசனுடன் இணைந்து அதனைப் புதிய இனமாக விவரித்தார். 1868க்குப் பின்னர் இலங்கையிற் கண்டுபிடிக்கப்பட்ட முதற் புதுப்பறவை அதுவாகும். லேயார்டும் லெக்கும் ஹென்றியும் கடந்து சென்ற காட்டில் அவ்வளவு காலமும் அது வாழ்ந்துகொண்டிருந்தது. துப்பாக்கிக்கும் தொலைநோக்கிக்கும் அகப்படாதது செவிக்கு அகப்பட்டது. விஞ்ஞானமன்று எனத் தள்ளப்பட்ட முத்துவின் முறை, ஒலிவாங்கியைத் துணைக்கொண்டு விஞ்ஞானமாகத் திரும்பிவந்திருக்கிறது என்று நான் கூறினால் அது மிகையாகாது. காட்டோரக் கிராமத்தவர் எவரும் அக்குரலை முன்னர் கேட்டதேயில்லை என்பதை நம்புவதும் எனக்குக் கடினம்.

அவ்வாந்தைக்குத் திலோ ஹொப்மனின் பெயர் இடப்பட்டது. 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காகச் சிங்கராஜ மரங்கள் வெட்டப்பட்டபோது அதனை எதிர்த்து முன்னின்றவர் என்ற வகையில் அவர் அதற்குத் தகுதியுடையவரே. நான் குறை கூறுவது அப்பெயரையன்று. ஒலிநாடாக்களும் வழிகாட்டி நூல்களும் பெருகியபின்னரும், அவற்றின் மொழி பெரிதும் ஆங்கிலமாகவே உள்ளது. சிங்களத்தில் சரத் கொட்டகம முதலியோர் இந்நிலையை ஓரளவு மாற்றியுள்ளனர். ஈழத்துத் தமிழில் அத்தகைய முயற்சி இன்னும் அளவிற் சிறியதே. போர்க்காலத்தில் காடுகளும் களப்புகளும் மக்களுக்கு மூடப்பட்டிருந்தமை அதற்கு ஒரு காரணம், பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் பாராமுகம் மற்றொரு காரணம்.

லெக்கின் நூலிலுள்ள உரோம எழுத்துப் பெயர்களைத் தமிழெழுத்திற் கொணர்வது கடினமான பணியன்று. ஆனால் எழுத்துக்கூட்டிப் படித்தால் மாத்திரம் போதாது. லகர ளகரமும் ரகர றகரமும் அங்கு பிரிந்து தோன்றுவதில்லையாதலால், ஒவ்வொரு சொல்லையும் வன்னியிலும் மன்னாரிலும் மட்டக்களப்பு வாவிக்கரையிலும் வாழும் முதியவர்களிடம் சொல்லிக்காட்டி, பறவையின் ஒலிப்பதிவையும் கேட்கச் செய்து, அவர்கள் வாயால் அதனைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அதனைச் சொன்னவரின் பெயர், ஊர், தொழில் ஆகியவற்றையும் இம்முறை எழுதிக்கொள்ளலாம்.